கடலில்லா நாட்டின் சரக்குச் சீட்டு

பட்டினப்பாலை பாடம் நடத்தும்போது காவிரிப்பூம்பட்டினத்தின் சுங்கத்துறை வரும் இடத்தில் வகுப்பு சற்று நிமிர்ந்து உட்காரும். கப்பலில் வந்திறங்கிய பண்டங்களும் கப்பலுக்குப் போகக் காத்திருக்கும் பண்டங்களும் முற்றத்தில் குவிந்து கிடக்க, சுங்கம் கொள்வோர் அவற்றின்மேல் சோழனின் புலிச் சின்னத்தைப் பொறித்து வெளியே விடுவதாகக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியிருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியை நடத்திக்கொண்டிருந்தபோது பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "துறைமுகமே இல்லாத அரசன் இந்த முத்திரையை எங்கே வைப்பான் ஐயா?" என்று கேட்டார். "எல்லையில் வைப்பான்" என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டோம். அந்த விடை அரைகுறையானது என்பது பின்னொரு நாள் தூத்துக்குடியில் விளங்கியது.

தூத்துக்குடியில் கப்பல் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் வேலை பார்க்கிறார். (கேள்வி கேட்டவர் அல்லர், அவருக்கு இரண்டு ஆண்டு மூத்தவர். தமிழ் எம்.ஏ. படித்தவருக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்க வேண்டாம். நம் துறையில் படித்தவர்களில் பாதிப்பேர் இப்படி எங்கெங்கோதான் இருக்கிறார்கள்.) ஒரு திருமணத்துக்குப் போன இடத்தில் அவரைப் பார்க்கச் சென்றோம். மனிதர் பேசும் நிலையில் இல்லை. மேசைமேல் ஒரு கோப்பு விரிந்து கிடந்தது. கோவில்பட்டித் தீப்பெட்டி ஒரு கன்டெய்னர். போகும் துறைமுகம் டோகோ நாட்டின் லோமே. போய்ச் சேரும் ஊர் அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, புர்க்கினா ஃபாசோவின் தலைநகரான வாகடூகு.

"பெட்டி கப்பல் ஏறிடுச்சுங்க ஐயா. கொழும்புல மாத்தி ஏத்தி, ஆப்பிரிக்காவைச் சுத்திப் போகுது. ஆனா அந்த நம்பர் இன்னும் வரலை" என்றார்.

எந்த நம்பர் என்று கேட்டோம். அதிலிருந்து தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

*

புர்க்கினா ஃபாசோவுக்குக் கடல்வழியாகப் போகும் சரக்கு எதுவானாலும், அது உலகின் எந்தத் துறைமுகத்தில் ஏறினாலும், ஏறுமிடத்திலேயே அதற்கு ஒரு சான்று பெற்றாக வேண்டும். சரக்குக் கண்காணிப்புச் சீட்டு என்று தமிழில் சொல்லலாம். பிரெஞ்சு பேசும் நாடுகளில் அதன் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'பெஸ்க்' என்கிறார்கள். சீட்டை வழங்கும் அதிகாரம் அந்நாட்டின் சரக்கு அனுப்புவோர் மன்றத்துக்கு உரியது; மன்றம் தன் சார்பில் முகவர்களை அமர்த்தியிருக்கிறது. அனுப்புகிறவர் பில் ஆஃப் லேடிங், விலைப்பட்டியல், கப்பல் கூலிக்கான ரசீது, ஏற்றுமதிச் சுங்க ஆவணம் ஆகியவற்றை முகவரிடம் கொடுக்க வேண்டும். அவர் வரைவு ஒன்று தயாரித்து அனுப்புவார். அதைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்து, கட்டணம் கட்டினால் ஓர் எண் வரும். ஒவ்வொரு பில் ஆஃப் லேடிங்குக்கும் தனிச் சான்று, தனி எண். கப்பல் இறங்கு துறையை அடைவதற்குள் அந்த எண் கைக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அபராதம், பெட்டிக்குச் சுங்க விடுதலை தடைபடும், தடைபடும் ஒவ்வொரு நாளுக்கும் துறைமுகத்தில் வாடகை ஏறும். தீப்பெட்டியோ எளிதில் தீப்பற்றும் சரக்கு வகையைச் சேர்ந்தது. அதை வெயிலில் போட்டுவைக்க யாரும் விரும்பமாட்டார்கள்.

நம் மாணவருக்கு எண் வராததற்குக் காரணம் ஓர் எழுத்து. வாகடூகு வணிகரின் நிறுவனப் பெயர் விலைப்பட்டியலில் ஒருவிதமாகவும் பில் ஆஃப் லேடிங்கில் ஓர் எழுத்துக் குறைந்தும் இருந்திருக்கிறது. வரைவு திரும்பி வந்துவிட்டது. பில் ஆஃப் லேடிங்கைத் திருத்தக் கப்பல் நிறுவனத்துக்குத் தனியே பணம் கட்டி, அவர்கள் திருத்தித் தந்து, மீண்டும் அனுப்பிக் காத்திருந்தார். சுவடிகளில் பாடபேதம் பார்த்துப் பழகிய நமக்கு அதில் ஒரு சிறு மகிழ்ச்சி இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். அவருக்கு இல்லை.

இந்தச் சீட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஏற்றுமதி நாட்டின் சுங்கத்தில் சொன்ன விலையும் கப்பல் கூலியும் இதில் பதிவாகின்றன. கிளம்பும் இடத்தில் ஒரு விலையும் சேரும் இடத்தில் குறைந்த விலையும் காட்டித் தீர்வையைக் குறைத்துக்கொள்ளும் பழைய கைவேலைக்கு இங்கே வழி அடைபடுகிறது. நேர்மையான வணிகருக்கும் கூலிக் கணக்கை வெளியே காட்டுவதில் விருப்பமிராது. ஆகவே சீட்டைப் பற்றிய முணுமுணுப்புகள் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்க இயலாது.

புர்க்கினா மட்டும் இதைக் கேட்கவில்லை. மாலி, நைஜர், சாட், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு என்று அந்தப் பகுதியின் மற்ற கடலற்ற நாடுகளும் கேட்கின்றன. கடலோர நாடுகள் பலவும் கேட்கின்றன. ஆனால் கடலோர நாடு கேட்பதற்கும் கடலற்ற நாடு கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. கடலோர நாட்டுக்குத் தன் துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து பார்க்க முடியும். சீட்டு அதற்கு இரண்டாவது கண். புர்க்கினாவின் சரக்கு இறங்கும் துறைமுகங்கள் அபிஜான், தேமா, லோமே, கொட்டொனூ. நான்கும் நான்கு அயல்நாடுகளுடையவை. தன் மண்ணை அடையும்வரை அந்தப் பெட்டியைத் தொட அதற்கு உரிமையில்லை. எனவே அது தன் முத்திரையை தூத்துக்குடியிலும் ஆண்ட்வெர்ப்பிலும் ஷாங்காயிலும் வைக்கிறது. பின்வரிசை மாணவருக்கு நாம் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்.

*

இப்படி ஒரு வழக்கம் எப்படி உண்டாயிற்று? அதற்கு அந்த நாடு எப்படி உண்டாயிற்று என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பிரெஞ்சு ஆட்சியாளர் 1919இல் மேல் வோல்ட்டா என்று ஒரு குடியேற்ற நாட்டை வரைந்தார்கள். 1932இல் அதை அழித்து, துண்டுகளை ஐவரி கோஸ்ட், பிரெஞ்சு சூடான், நைஜர் என்று மூன்று பக்கத்து நாடுகளோடு ஒட்டினார்கள். 1947இல் மீண்டும் வரைந்தார்கள். பதினைந்து ஆண்டுக் காலம் ஒரு நாடு வரைபடத்திலேயே இல்லை. காரணத்தில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. தெற்கே ஐவரி கோஸ்ட்டின் கொக்கோ, காப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். வடக்கே ஆள் இருக்கிறது. நடுவில் எல்லை எதற்கு?

அந்த ஆட்களைக் கொண்டுபோனது ஒரு ரயில்பாதை. அபிஜானிலிருந்து வடக்கு நோக்கி 1904இல் போடத் தொடங்கியது. 1934இல் போபோ-டியூலாசோ என்ற ஊரை எட்டியது. வாகடூகுவை எட்டியது 1954இல்தான். ஐம்பது ஆண்டு. இந்தப் பாதையைப் போடுவதிலும் கட்டாய உழைப்பு இருந்தது. பாதை கொண்டுபோய்விட்ட தோட்டங்களிலும் இருந்தது. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் கட்டாய உழைப்பு சட்டப்படி ஒழிந்தது 1946 ஏப்ரலில், பிற்பாடு ஐவரி கோஸ்ட்டின் முதல் குடியரசுத் தலைவரான ஊஃப்வே-புவானி கொண்டுவந்த சட்டத்தால். 1950இல் வ்ரிடிக் கால்வாய் வெட்டப்பட்டுக் காயல் கடலோடு இணைந்தபின் அபிஜான் ஆழ்துறைமுகம் ஆயிற்று. ஆக, 1960 ஆகஸ்டில் மேல் வோல்ட்டா விடுதலை பெற்றபோது அதன் கடல்வாசல் எங்கே, அதற்கு வழி எது, வழியை யார் எதற்காகப் போட்டார்கள் என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருந்தன. புதிய நாட்டுக்கு வந்தது பூட்டும் சாவியும் அயலார் கையில் இருந்த ஒரு வாசல்.

அந்த வாசல் அடைபடக்கூடும் என்பதற்கு நெடுநாள் காத்திருக்கவும் வேண்டியிருக்கவில்லை. அதே 1960 ஆகஸ்டில், பக்கத்திலே செனகலும் பிரெஞ்சு சூடானும் சேர்ந்து அமைத்திருந்த மாலிக் கூட்டமைப்பு ஒரே இரவில் உடைந்தது. டாக்கர் துறைமுகத்துக்கும் பமாக்கோவுக்கும் இடையே ஓடிய ரயில் எல்லையில் நின்றது. 1963 வரை ஓடவில்லை. தனி நாடாகிவிட்ட மாலி தன் நிலக்கடலையையும் பருத்தியையும் அபிஜான் வழியே திருப்ப வேண்டியதாயிற்று. பின்னாளில் மாலி தன்னைச் சுற்றியுள்ள துறைமுகங்களில், செனகலிலும் ஐவரி கோஸ்ட்டிலும் டோகோவிலும், தன் பெயரிலேயே கிடங்குகளை நிறுவிக்கொண்டது. மேற்பார்வைக்குத் தன் ஆட்களையும் அமர்த்திக்கொண்டது. பிறர் வீட்டுத் திண்ணையில் தனக்கென்று ஓர் அலமாரி வைத்துக்கொள்வதுபோல.

*

சட்டம் என்ன சொல்லிற்று என்று கேட்கலாம். சட்டம் நல்ல சொற்களையே சொல்லிற்று. 1921இல் பார்சிலோனாவில் கூடிய மாநாடு பண்டங்கள் ஒரு நாட்டைக் கடந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் உரிமையை ஒப்புக்கொண்டது. கரையில்லாத நாடும் கடலில் தன் கொடியுடன் கப்பல் ஓட்டலாம் என்று அறிவித்ததும் அதே மாநாடுதான். சுவிட்சர்லாந்தின் கொடி இன்று கடலில் பறப்பது அதனால். 1965இல் கடலற்ற நாடுகளின் கடப்பு வணிகத்துக்கென்றே நியூயார்க்கில் தனி உடன்படிக்கை ஒன்று உருவாயிற்று. 1982ஆம் ஆண்டின் கடல் சட்ட உடன்படிக்கை, தன் பத்தாம் பகுதியில், கடலை அடையவும் கடலிலிருந்து திரும்பவும் கடலற்ற நாட்டுக்கு உரிமை உண்டு என்கிறது. கடந்து செல்லும் சரக்கின்மேல், செய்த சேவைக்கான கட்டணம் தவிர, தீர்வையோ வரியோ கூடாது என்கிறது. ஆனால் அந்த உரிமையை எப்படிச் செயல்படுத்துவது என்பதை இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும் என்றும், வழி கொடுக்கும் நாடு தன் நியாயமான நலன்களைக் காத்துக்கொள்ளலாம் என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறது. இலக்கணத்தில் விதியும் புறனடையும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே புறனடைதான் ஊரை ஆள்கிறது.

சீட்டின் நேரடியான வேர் 1970களில் இருக்கிறது. விடுதலை பெற்ற நாடுகள் அப்போதுதான் ஒன்றைக் கவனித்தன. கொக்கோவும் பருத்தியும் நம்முடையவை, கப்பல் ஐரோப்பாவினுடையது, கூலியை நிர்ணயிப்பது அந்தக் கப்பல் நிறுவனங்களின் கூட்டு. 1974 ஏப்ரலில் ஜெனீவாவில், ஐக்கிய நாடுகளின் வணிக வளர்ச்சி அமைப்பின் முயற்சியால், கப்பல் கூட்டுகளுக்கான நடத்தை நெறி ஒன்று ஏற்கப்பட்டது. இரு நாடுகளுக்கிடையே போகும் சரக்கை அவ்விரு நாடுகளின் கப்பல்களும் சமமாகச் சுமக்கலாம்; மூன்றாம் நாட்டுக் கப்பல்களுக்கு 20 விழுக்காடு போன்ற ஒரு பங்கு. இதுவே உலக வழக்கில் 40-40-20 என்று பெயர் பெற்றது. மறு ஆண்டு, 1975 மே மாதம், மேற்கு, நடு ஆப்பிரிக்க நாடுகளின் அமைச்சர்கள் அபிஜானில் கூடிக் கடல் போக்குவரத்தில் ஒன்றாக நிற்பதென ஒரு சாசனம் செய்தார்கள். அந்த அமைப்பில் இன்று 25 நாடுகள். அவற்றில் ஐந்து கடலற்றவை.

பங்கு பிரிக்க வேண்டுமானால் மொத்தம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். யார் சரக்கு, எந்தக் கப்பலில், எவ்வளவு கூலிக்கு? அதுவரை அந்தக் கணக்கு கப்பல் நிறுவனங்களிடம்தான் இருந்தது. கணக்கைத் தம் கைக்குக் கொண்டுவரவே நாடுதோறும் சரக்கு அனுப்புவோர் மன்றங்கள் எழுந்தன அல்லது அரசின் கைக்கு வந்தன. ஏற்றுமிடத்திலேயே ஒவ்வொரு சரக்கையும் பதிந்துகொள்ளும் தாள் அவற்றுக்குத் தேவையாயிற்று. கண்காணிப்புச் சீட்டின் பாட்டனார் அந்தத் தாள்தான்.

கப்பலே இல்லாத நாட்டுக்கு 40 விழுக்காட்டால் என்ன பயன் என்று தோன்றும். பயன் இருந்தது. தன் பங்கைச் சுமக்கும் உரிமையைப் பிறருடைய கப்பலுக்கு விட்டுக்கொடுத்து அதற்கு ஈடாகப் பணம் பெறலாம். நிலம் இருக்கிறது, ஏர் இல்லை என்பவர் குத்தகைக்கு விடுவதுபோல. ஆனால் குத்தகைக்கு எடுத்தவர்கள் பெரும்பாலும் பழைய ஐரோப்பிய நிறுவனங்களே. பங்கீடு என்ற பெயரில் போட்டி அடைபட்டது. போட்டி இல்லாத இடத்தில் கூலி இறங்குவதில்லை. நெறி 1983இல் நடைமுறைக்கு வந்தது. அதன் உள்ளே இருந்தவர்களுக்கு அது வசதியாகவே இருந்தது.

அது கலைந்த கதை சுருக்கமானது. 1992இல் ஐரோப்பிய ஆணையம், பிரான்சுக்கும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கும் இடையே சரக்கைப் பங்கிட்டுவந்த கப்பல் உரிமையாளர் குழுக்களுக்கு அபராதம் விதித்தது. அதே ஆண்டு சயீர் வழித்தடத்தில் வெளியாரைத் துரத்திவந்த கூட்டுக்கும் விதித்தது. மற்றொரு புறம் உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் கடன் கொடுக்கும்போது, சரக்கு ஒதுக்கீட்டைக் கைவிடுமாறு வற்புறுத்தின. 1994 ஜனவரியில் அந்நாடுகளின் பிராங்க் நாணயத்தின் மதிப்பு பிரெஞ்சு பிராங்குக்கு எதிராகப் பாதியாகக் குறைக்கப்பட்டது. இறக்குமதிப் பண்டத்துக்கு ஒரே இரவில் இருமடங்கு உள்நாட்டுப் பணம் வேண்டியதாயிற்று. அந்த நெருக்கடியில் 40-40-20 என்ற கனவைத் தூக்கிப் பிடிக்க எவருக்கும் தெம்பில்லை.

கனவு போயிற்று, தாள் போகவில்லை. நம் கவனத்தை ஈர்த்தது இந்த இடம்தான். பங்கிடுவதற்கு ஒன்றுமில்லாத பிறகும் மன்றங்கள் இருந்தன; அவற்றுக்கு ஊழியர்கள் இருந்தார்கள்; அயல் துறைமுகங்களில் அலுவலகங்கள் இருந்தன. புர்க்கினாவின் மன்றத்துக்கு நான்கு துறைமுகங்களிலும் கிளைகள் உண்டு. ஒதுக்கீட்டின் வழி வந்த வருமானம் நின்றபின் சீட்டுக் கட்டணம் அந்த இடத்துக்கு வந்தது. பெட்டிக்கு இவ்வளவு, மொத்தச் சரக்கானால் எடைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு, எந்தக் கண்டத்திலிருந்து வருகிறது என்பதற்கேற்ப வேறுபாடு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் உலகமே சரக்கை முன்கூட்டி அறிய விரும்பியபோது சீட்டுக்குப் புதிய நியாயமும் கிடைத்தது. பாதுகாப்பு என்ற சொல் ஒட்டிக்கொண்டது. தாள் மின்வடிவம் பெற்றது.

*

ஏற்றுமதியாளர் தரப்பின் குற்றச்சாட்டு எளிமையானது, நமக்குப் பெரும்பாலும் ஏற்புடையதும்கூட. உலக வணிக விதிகளின் எட்டாம் பிரிவு, இறக்குமதியின்போது வாங்கும் கட்டணம் செய்த சேவையின் செலவை ஒட்டி இருக்க வேண்டும், வருவாய்க்கான வரியாக இருக்கக் கூடாது என்கிறது. ஒரு படிவத்தைச் சரிபார்த்து எண் கொடுப்பதற்கு இவ்வளவா? பெரிய பெட்டிக்குப் பெரிய கட்டணம் என்பதற்கு என்ன பொருள்? நாற்பது அடிப் பெட்டியின் படிவத்தைப் படிக்க இருபது அடிப் பெட்டியின் படிவத்தைவிட இரட்டிப்பு நேரமா ஆகிறது?

அமெரிக்காவும்தான் கேட்கிறது என்பார்கள். உண்மைதான். 2003 முதல், கப்பலில் பெட்டி ஏறுவதற்கு 24 மணி நேரம் முன்பே அயல் துறைமுகத்திலிருந்து விவரம் வர வேண்டும் என்று அமெரிக்கச் சுங்கம் கட்டாயமாக்கியது. ஐரோப்பாவும் தொடர்ந்தது. அயல் மண்ணில் முத்திரை வைப்பதில் புர்க்கினா முதலாவதும் அல்ல, தனியாளும் அல்ல. வேறுபாடு என்னவெனில் அங்கே விவரத்தைப் பதிவது கப்பல் நிறுவனம். அரசு பெட்டிக்கு இவ்வளவு என்று சான்று விற்பதில்லை. வலியவர் கேட்டால் அது விதி, எளியவர் கேட்டால் அது வழிப்பறி என்று உலகம் பேசும் பேச்சிலும் பாதிதான் நியாயம் இருக்கிறது.

ஆனால் மறுபக்கத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 2002 செப்டம்பரில் ஐவரி கோஸ்ட்டில் கிளர்ச்சி வெடித்து நாடு இரண்டாகப் பிளந்தது. புர்க்கினாவுடனான எல்லை மூடப்பட்டது. ஐம்பது ஆண்டு உழைத்துப் போட்ட அந்த ஒரே ரயில்பாதை ஓராண்டுக் காலம் ஓடவில்லை. 2003 செப்டம்பரில்தான் மீண்டும் ஓடியது. அந்த ஓராண்டில் புர்க்கினாவின் வணிகம் முழுவதும் தேமாவுக்கும் லோமேவுக்கும் கொட்டொனூவுக்கும் லாரிகளில் திரும்பியது. பின்னாளிலும் இது ஓயவில்லை. 2022 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரக் கூட்டமைப்பு மாலியுடனான எல்லைகளை மூடியது, ஜூலையில்தான் திறந்தது. 2023 ஜூலையில் நைஜரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அதே தண்டனை நைஜருக்கு. அதன் வழக்கமான வாசலான கொட்டொனூவிலிருந்து வரும் வழி அடைபட்டது. 2024 பிப்ரவரியில் தடை நீங்கியபின்னும் நைஜர் தன் பக்கத்துக் கதவைத் திறக்கவில்லை. சரக்கு லோமேயில் இறங்கி, புர்க்கினாவைச் சுற்றிக்கொண்டு, ஆயுதக் குழுக்கள் உலவும் சாலைகளில் போயிற்று. 2025 ஜனவரியில் புர்க்கினா, மாலி, நைஜர் மூன்றும் அந்தக் கூட்டமைப்பை விட்டே வெளியேறிவிட்டன.

இப்படி ஒரு கதவு திடீரென்று மூடும்போது கடலற்ற நாடு தன்னைக் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி: நம்முடைய அரிசி, மருந்து, எரிபொருள், இவற்றில் எவ்வளவு இப்போது கடலில் இருக்கிறது, எந்தக் கப்பலில், எந்தத் துறைமுகத்தை நோக்கி? துறைமுகம் உள்ள நாட்டுக்கு இந்தக் கேள்வி அவ்வளவு அவசரமன்று. கப்பல் வந்தால் தெரிந்துவிடும். கடலற்ற நாட்டுக்கு, ஏறுமிடத்தில் பதிந்த சீட்டு இல்லாவிட்டால், விடையைத் தன்னைத் தடுத்து நிறுத்தியவரிடமே போய்க் கேட்க வேண்டிவரும்.

எனவே சீட்டை வெறும் வசூல் என்று ஒதுக்க நமக்கு மனமில்லை. அதை வாங்கும் விலையைத்தான் நியாயப்படுத்த முடியவில்லை.

*

கடலில் கலைந்த பங்கீடு தரையில் இன்னும் கலையாமல் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். துறைமுகத்தில் இறங்கும் புர்க்கினாவின் சரக்கில் மூன்றில் இரண்டு பங்கைப் புர்க்கினா லாரிகளும் ஒரு பங்கைக் கடலோர நாட்டு லாரிகளும் ஏற்ற வேண்டும் என்பது இருதரப்பு ஒப்பந்த வழக்கு. டூவாலா துறைமுகத்திலிருந்து போகும் சாட் நாட்டுச் சரக்கில் 65 விழுக்காடு சாட்டுக்கு, 35 கேமரூனுக்கு. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுக்கு 60-க்கு 40. யார் முறை, எந்த லாரி என்று வரிசை பார்த்து அனுப்புவது அந்தந்த நாட்டு மன்றங்களும் சரக்கு அலுவலகங்களும். சுப்பீ தேரவனின்தோர்ன், கயேல் ரபாலாண்ட் இருவரும் உலக வங்கிக்காக எழுதி 2009இல் வெளிவந்த ஆய்வு இதைத் தொட்டது. ஆப்பிரிக்காவில் லாரி ஓட்ட ஆகும் செலவைவிட லாரிக்குக் கேட்கும் கூலிதான் பெரிய சிக்கல், மேற்கிலும் நடுவிலும் இந்த வரிசை முறையே கூலியை ஏற்றி வைத்திருக்கிறது என்பது அவர்கள் முடிவு. போட்டிக்குத் திறந்துவிட்ட ருவாண்டாவில் கூலி இறங்கியதையும் காட்டியிருக்கிறார்கள்.

படிக்கும்போது ஒப்புக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் வரிசையில் பத்து நாள் நின்று ஒரு சுமை பெறும் பழைய லாரிக்காரருக்கு, வரிசை போனால் அந்தச் சுமையும் போய்விடும். நம்மூரில் லாரி புக்கிங் அலுவலக வாசலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1985இல் தாமஸ் சங்கரா, நாட்டின் பெயரைப் புர்க்கினா ஃபாசோ என்று மாற்றிய மறு ஆண்டு, ரயில்பாதையை வாகடூகுவிலிருந்து வடக்கே நீட்டப் 'தண்டவாளப் போர்' ஒன்றை அறிவித்தார். அயல்நாட்டுக் கடன் கிடைக்கவில்லை. அலுவலர்கள், மாணவர்கள், அயல்நாட்டு விருந்தினர்கள்கூடக் கையால் தண்டவாளம் தூக்கிப் போட்டார்கள். பாதை பின்னர் கயா என்ற ஊர்வரை போயிற்று. கட்டாய உழைப்பில் தொடங்கிய பாதையின் கடைசி நூறு கிலோமீட்டரை அந்த மக்கள் தாமே முன்வந்து போட்டார்கள். ஆனால் அது கடலிலிருந்து இன்னும் தள்ளிப் போகும் திசை.

*

ஊருக்குத் திரும்பிப் பத்து நாள் கழித்து மாணவர் தொலைபேசினார். எண் வந்துவிட்டதாம். கப்பல் லோமேயைத் தொட நான்கு நாள் இருக்கும்போது வந்திருக்கிறது. எழுத்தைத் திருத்தியதற்கு ஒரு தொகை, சீட்டுக்கு ஒரு தொகை, முகவர் கமிஷன் ஒரு தொகை.

"எல்லாம் யார் கணக்கில் எழுதினீர்கள் தம்பி?" என்று கேட்டோம்.

"திருத்தின காசு நம்ம தப்புங்க ஐயா, அதை நாங்களே போட்டுக்கிட்டோம். மத்தது கோவில்பட்டி பார்ட்டி பில்லுல ஏறும். அவங்க வாகடூகு பார்ட்டி மேல போட்டுருவாங்க."

"அவர்?"

"அவரு தீப்பெட்டி மேல போட்டுருவாரு" என்றார்.

வாகடூகுவின் தரைத் துறைமுகத்துக்கு வாகாரின்டர் என்று பெயர். லாரிகள் அங்கேதான் கடைசியாக வந்து நிற்கும். பெட்டியின் எண்ணையும் சீட்டின் எண்ணையும் ஒத்துப்பார்த்து வெளியே விடுவார்கள்.